சுவரைப் பிடி

செவ்வாய்க்கிழமை காலையில் மினி வேனில் வந்திறங்கிய பலகையை மாட்டச் சொல்லி சுருளிராஜனிடம் கொடுத்தார்கள். ஆறடிக்கு நாலடி. நீல நிறத்தில் ஒரு ஆறு, அதன் குறுக்கே தடுப்பணை, ஓரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பிள்ளைகள். படத்துக்குக் கீழே நான்கு வரிகள். ஏணியில் ஏறி நின்று, சுவரில் துளை போட்டு, இரண்டாவது திருகை முடுக்கும்போதுதான் அவர் மூன்றாவது வரியைப் படித்தார். ‘நீரில் சிக்கிக்கொண்டால் பதறாமல் அருகிலுள்ள தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.’

இன்னொரு தடவை படித்தார். பிறகு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். 

தேனிக்கு வெளியே ஒரு பழைய பஞ்சுக் கிடங்கைச் சரிசெய்து உண்டாக்கிய அறிவியல் மையம் அது. மற்ற இடங்களில் ‘தொடாதே’ என்று எழுதியிருப்பார்கள். இங்கே வாசலிலேயே ‘தொட்டுப் பார்’ என்று எழுதியிருக்கும். சைக்கிளை மிதித்தால் பல்பு எரியும். ஆணிப் படுக்கையில் படுத்துப் பார்க்கலாம். ஒரு குழித்தட்டின் முன்னால் நின்று கிசுகிசுத்தால் முப்பது அடி தள்ளி இன்னொரு தட்டின் முன்னால் நிற்பவருக்குக் காதில் சொன்னது போலக் கேட்கும். பிள்ளைகள் தொட்டுத் தொட்டு உடைப்பதை ஒட்டவைப்பது சுருளிராஜனின் வேலை. பதினோரு வருஷமாக அங்கே அவர்தான் ஃபிட்டர்.

இந்த வருஷம் மழை பிந்தியதால் பெரியாறு அணையை இன்னும் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தண்ணீர் வருவதற்கு முன்னால் பள்ளத்தாக்கின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆற்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று மையத்தில் தீர்மானித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ‘தண்ணீர் பாதுகாப்பு நாள்’. அதற்குத்தான் பலகை. அதே நான்கு வரிகளோடு இரண்டாயிரம் துண்டறிக்கைகளும் அச்சாகி வந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலேயும் சின்ன எழுத்தில் ‘மகிமா நினைவாக’ என்று போட்டிருந்தது. மகிமா சுருளிராஜனின் ஒரே மகள். போன வருஷம் ஆற்றோடு போனவள்.

பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் ஷர்மின் பசைவாளியோடு வந்தாள். உத்தமபாளையத்துப் பெண், இயற்பியல் படித்தவள். அந்த நான்கு வரிகளை எழுதியது அவள்தான்.

“மூணாவது வரி தப்பும்மா,” என்றார்.

“எழுத்துப் பிழையாண்ணே? மூணு தடவை பாத்தேனே.”

“எழுத்துல இல்ல. செவத்துக்கிட்ட போகக் கூடாது.”

ஷர்மின் சிரித்துவிட்டாள். “எங்க வாப்பா கெணத்துல இறக்கிவிட்டப்ப மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதாண்ணே. என்ன ஆனாலும் செவத்தப் பிடி, அழுகுறதெல்லாம் பொறவு வச்சுக்கன்னு. நீங்க அப்படிப் பழகலையா?”

அவரும் அப்படித்தான் பழகினார். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அப்படித்தான். ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் யாரும் ஆற்றில் நீச்சல் பழகுவதில்லை; தோட்டத்துக் கிணற்றில்தான். இடுப்பில் டயர் ட்யூபைக் கட்டி இறக்கிவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீர் நிற்கிற தண்ணீர். எந்தப் பக்கம் நாலு வீச்சு வீசினாலும் சுவர் வந்துவிடும். மூச்சு முட்டினால் சுவர், கால் பிடித்துக்கொண்டால் சுவர், பயம் வந்தால் சுவர். யோசிக்கவே வேண்டாம், உடம்பு தானாகத் திரும்பும். மகிமாவுக்கும் அவர் அதைத்தான் இரண்டு கோடை சொல்லிக்கொடுத்தார், குருசாமியின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில். அவர் மேலே படியில் நின்று ‘சுவர்’ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எங்கே இருந்தாலும் திரும்பி வந்து கல்லைத் தொட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பாள்.

தப்பு என்று சொன்னவர், ஏன் தப்பு என்று ஷர்மினிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

போன வருஷம் அணை திறந்து ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆற்றின் குறுக்கே உள்ள ஒரு தடுப்பணைக்கு அவளைக் கூட்டிப் போனார். கோடையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற இடம். தண்ணீர் ஏறியிருந்ததால் விழுகிற உயரம் குறைந்து, பார்க்க இன்னும் சாதுவாக இருந்தது. மகிமா அணையின் மேல் நடந்தாள். பாசி வழுக்கியது. விழுந்து உள்ளே போனவள், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, நுரைக்கு வெளியே, தலையைத் தூக்கினாள். இருமினாள். தண்ணீர் அவளைக் கீழ்ப்பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தது. சுருளிராஜன் கரையில் நின்றார். அணைச் சுவரில் ஏறுவதற்கு இரும்புப் படிகள் பதித்திருந்தது அவர் கண்ணில் பட்டது. “செவத்தப் பிடி ஆத்தா, செவத்துக்கு வா,” என்று கத்தினார்.

அவள் திரும்பினாள். நாலு வீச்சு. சொல்லிக்கொடுத்தது போலவே, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, அழகாக. அதற்குப் பிறகு அவள் தலை இரண்டு தடவை நுரைக்குள் தெரிந்தது. அவர் குதித்தார். லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த மீரான் மைதீன் என்பவர் கயிறு வீசி அவரை இழுத்துப் போட்டார். மகிமாவைச் சாயங்காலம் இரண்டு பர்லாங்கு தள்ளி எடுத்தார்கள்.

கையைப் பிடித்திருந்தேன், தண்ணீர் பிடுங்கிக்கொண்டது என்று போலீஸிடம் சொன்னார். மனைவி மாரீஸ்வரியிடமும் அதையே சொன்னார். அவர் அவள் கையைப் பிடிக்கவே இல்லை. அந்த இரைச்சலில் அவர் கத்தியது அவளைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. ‘வெளியே போய்க்கொண்டிருந்தவளை நான்தான்’ என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை ஒரு வருஷமாக அவர் தனக்குள்ளேகூட முடித்ததில்லை.

இப்போது அதே வார்த்தை இரண்டாயிரம் தாளில் அச்சாகி வந்திருக்கிறது, அவள் பெயரோடு.

மையத்தின் பொறுப்பாளர் எபனேசரிடம் போனார். எபனேசர் பொறுமைசாலி. பலகையைக் கமிட்டி பார்த்து ஒப்புக்கொண்டது, அதில் நீச்சல் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், ஒருத்தரும் அந்த வரியைத் தப்பு என்று சொல்லவில்லை என்றார். பிறகு, “செஞ்சு காட்டுங்க, சுருளி. நீங்க சொல்றாப்புல ஓடுச்சுன்னா பலகைய நானே கழட்டுறேன். கமிட்டிகிட்டயும் பேசுறேன்,” என்றார். போகும்போது கூப்பிட்டு, குத்துவிளக்கு ஏற்ற மாரீஸ்வரியிடம் கேட்டதாகவும் அவள் வருவதாகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஒரு வருஷமாகப் பலசரக்குக் கடைக்குக்கூடப் போகாதவள்.

பின்கட்டில் அலைகளைக் காட்டுவதற்காக எப்போதோ செய்து கைவிட்ட எட்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று கிடந்தது. புதன்கிழமை அதை இழுத்து வந்து கூடத்தின் நடுவில் வைத்தார். நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு அக்ரிலிக் தகட்டை நிறுத்தி ஒட்டினார், அதுதான் தடுப்பணை. ஒரு முனையில் மோட்டார் தண்ணீரை ஊற்றும், மறு முனையில் விழுகிற தண்ணீர் குழாய் வழியாக மறுபடி மோட்டாருக்கு வரும். பாட்டில் தக்கையில் ஆணியைச் செருகி, பாதி மூழ்கி மிதக்கிற மாதிரி எடை பார்த்தார். காவலாளி செல்வம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி தயார், மாடு எப்போது வரும் என்று கேலியாகக் கேட்டுவிட்டுப் போனான்.

மோட்டாரைப் போட்டுத் தக்கையை அணைக்கு மேலே விட்டார். விழுந்தது, மூழ்கியது, எழுந்து ஓடிப்போய்க் கடைசியில் விழுந்தது. மறுபடி விட்டார். ஓடிப்போனது. அணைக்குப் பக்கத்திலேயே விட்டார், ஓடிப்போனது. சாயங்காலம் வரை நாற்பது, ஐம்பது தடவை விட்டிருப்பார். ஒரு தடவைகூட அது சுவர்ப் பக்கம் போகவில்லை. கை ஊறி வெளுத்துப்போனது. ஒரு பக்கம் அவருக்குப் பதற்றமாக இருந்தது. இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சுவருக்குப் போனால் ஆபத்தில்லை என்றால் அவர் கத்தியதில் தப்பில்லை. தண்ணீர்தான் கொண்டுபோனது.

வியாழக்கிழமை காலையில் தொட்டியின் கடைசி முனையில் அடைத்துக்கொண்ட பாலிதீன் பையை எடுக்கக் குனிந்தபோது அது தெரிந்தது. பை அடைத்ததால் அணைக்குக் கீழே தண்ணீர் நாலு விரல் ஏறியிருந்தது. அணையின் கீழே நுரை நின்ற இடத்தில் சுழன்றது. ஒரு மரப் பலகைத் துண்டை அளவாக வெட்டிக் கடைசி முனையில் இறக்கினார். தண்ணீர் இன்னும் ஏறியது. விழுகிற உயரம் குறைந்து, சத்தம் அடங்கி, பார்க்கச் சாதுவாக ஆனது. தக்கையை விட்டார். அது மூழ்கி, எழுந்து, சுவரை நோக்கித் திரும்பி வந்தது. விழுகிற தண்ணீர் அதை அமுக்கியது. எழுந்தது, திரும்பியது, அமுங்கியது. பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அது வெளியே வரவே இல்லை.

மேலாக ஓடுகிற தண்ணீர் சுவரைப் பார்த்து ஓடியது. அடித் தண்ணீர்தான் கீழ்ப்பக்கம் போனது. இரண்டும் பிரிகிற இடத்தில் குறுக்காக ஒரு கொதிப்பு தெரிந்தது. கொதிப்புக்கு இந்தப் பக்கம் விட்டால் சுவருக்கு. ஒரு விரற்கடை அந்தப் பக்கம் விட்டால் வெளியே.

மகிமா தலையைத் தூக்கிய இடம் அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் தக்கையை வைத்தார். அது அவசரமில்லாமல் ஆடிக்கொண்டே வெளியே போனது. மறுபடி வைத்தார். போனது. கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் உள்ளே. அங்கே வைத்தால் அது தானாகவே சுவருக்குத் திரும்பியது. ஆனால் அவள் இருமியது நுரைக்கு வெளியே என்பதைக் கண்ணும் ஒப்புக்கொண்டது, கையும் ஒப்புக்கொண்டது. ஒரு குச்சியால் தக்கையை நாலு தட்டு, நாலே தட்டு, சுவர்ப் பக்கமாகத் தட்டினார். அதற்குப் பிறகு குச்சியே தேவைப்படவில்லை.

பதினேழாவது தடவைக்குப் பிறகு பலகைத் துண்டை உருவினார். நுரை கலைந்தது. தக்கை ஓடிப்போனது.

அந்த நேரம் ஷர்மின் துண்டறிக்கைக் கட்டுகளோடு வந்து என்ன ஆனது என்று கேட்டாள். ஓடவில்லை, நான் நினைத்தது தப்புதான் என்றார். அவள் சமாதானமாக, பரவாயில்லை அண்ணே, பிள்ளைகள் தக்கை விட்டு விளையாடட்டும், தொட்டி இருக்கட்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மாரீஸ்வரி சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கரை போட்ட பருத்திச் சேலை.

“என்னைய ரெண்டு வார்த்த பேசச் சொல்லியிருக்காக,” என்றாள். “எனக்கு என்னத்தப் பேசத் தெரியும். நீங்க கடைசி வரைக்கும் புள்ள கைய விடலன்னு சொல்லலாமுன்னு இருக்கேன். அத நெனச்சுத்தான் நான் சோறு திங்கிறேன். தனியாப் போகல, அப்பன் கைய பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்னு.”

 இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டது. நேரமாகிவிட்டது, சாப்பிடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்தன. கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகள். கமிட்டியிலிருந்து செல்லப்பாண்டி வந்திருந்தார். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், எழுபது வயதிலும் கிணற்றில் குதிக்கிறவர். மாரீஸ்வரி விளக்கேற்றினாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, சொல்ல நினைத்ததைச் சொன்னாள். கடைசி வரை கையை விடவில்லை என்றபோது பிள்ளைகள் எல்லாரும் திரும்பி, தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற சுருளிராஜனைப் பார்த்தார்கள். ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஷர்மின் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று நான்கு வரிகளையும் பிள்ளைகளை மனப்பாடமாகச் சொல்லவைத்தாள். முதல் வரி. இரண்டாவது.

“தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டா?”

“சுவரைப் பிடி,” என்றன நூற்றிருபது குரல்கள்.

“கேக்கல.”

“சுவரைப் பிடி.”

சுருளிராஜன் பலகைத் துண்டைத் தேடினார். மேசைக்கு அடியில் கிடந்தது. தொட்டியின் முனையில் இறக்கினார், சரியாக உட்காரவில்லை. உள்ளங்கையால் அடித்து இறக்கினார். மோட்டாரைப் போட்டார். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளைக் கிட்டே வரச் சொல்லி, தக்கையைச் சுவர் ஓரமாக விட்டார். அது அமுங்கியது, எழுந்தது, அமுங்கியது. பிள்ளைகளில் ஒருத்தி எண்ணத் தொடங்கினாள். இருபது எண்ணிய பிறகு நிறுத்திவிட்டாள்.

எபனேசர் வந்து குனிந்து பார்த்தார். ஷர்மினின் முகம் வெளிறியது. செல்லப்பாண்டி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“நல்லாத்தான் இருக்கு, சுருளி. ஆனா தக்கைக்குக் கை இருக்கா, கால் இருக்கா? நீச்சல் தெரிஞ்ச புள்ள நாலே வீச்சுல செவத்தத் தொட்டுரும். தக்கை பேச்சக் கேட்டு பலகையக் கழட்டச் சொல்றீகளா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். எபனேசர் தயங்கினார். துண்டறிக்கைகள் மேசை மேல் கட்டுக் கட்டாக இருந்தன. வகுப்புத் தலைவிகள் இரண்டு பேர் ஏற்கனவே வாங்கிப் பையில் வைத்திருந்தார்கள்.

சுருளிராஜன் தக்கையை எடுத்தார். மாரீஸ்வரி நாற்காலியில் கையில் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காமல் பேச முயன்றார், முடியவில்லை. அவளைப் பார்த்தே பேசினார்.

“எம் மகளுக்குக் கை கால் இருந்துச்சு, ஐயா. நீச்சலும் தெரியும். அவ இங்கன வந்துட்டா.” கொதிப்புக்கு வெளியே தக்கையை வைத்தார். அது நகரத் தொடங்கியது. “வெளிய போய்க்கிட்டிருந்தா. நான் கரையில நின்னு செவத்தப் பிடின்னு கத்துனேன். சொன்னதக் கேட்டு திரும்புனா. நீங்க சொன்ன அதே நாலு வீச்சு. நான் அவ கையப் பிடிக்கவே இல்ல.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தக்கை கடைசி முனையில் போய் விழுந்தது.

 பலகையைக் கழற்ற ஏணியைக் கொண்டுவரும்படி செல்லப்பாண்டியே செல்வத்திடம் சொன்னார். எபனேசர் துண்டறிக்கைகளைத் திரும்ப வாங்கினார். ஷர்மின் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். தக்கை அமுங்கியதை எண்ணிக்கொண்டிருந்த சிறுமி, சிக்கிக்கொண்டால் என்னதான் செய்வது என்று கேட்டாள். அதற்கும் அவர்தான் பதில் சொன்னார். அணைக்குப் போகவே கூடாது. தவறிப் போனால் சுவரைப் பார்க்காதே, தண்ணீர் போகிற பக்கம் போ. நுரைக்குள் மாட்டினால் அடியில்தான் வழி. கரையில் நிற்பவர் சுவருக்கு வா என்று கத்தினால் கேட்காதே, அது உன் அப்பாவாக இருந்தாலும். தக்கையை மூன்று தடவை விட்டுக் காட்டினார். நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தீப்பெட்டி அதன் மேல் இருந்தது.

அவளைத் தேடி ஓட முடியவில்லை. அடுத்த பேருந்து வாசலில் நின்றது, பண்ணைப்புரம் பிள்ளைகள். அன்று ஆறு கூட்டத்துக்கு அதையே செய்தார், அதையே சொன்னார். அப்பா என்று சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கூடம் அடங்கியது. சாயங்காலம் வீட்டுக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. மாரீஸ்வரி போடியிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாள் சாவியைக் கொடுத்தாள். போன் செய்தார். எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில், மையத்தில் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது மச்சினன் ஈஸ்வரபாண்டி கூப்பிட்டான். இங்கேதான் இருக்கிறாள், இப்போது வர வேண்டாம் என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“மாப்ள, தங்கச்சி ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுது. நீங்க ஒண்ணும் சொல்லாம சும்மா நின்னிருந்தா புள்ள தானா வெளிய வந்திருக்குமான்னு.”

தண்ணீர் எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நாள் அதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். வாசலில் அன்றைய முதல் பள்ளிப் பேருந்து வந்து நிற்கிற சத்தமும் ஷர்மின் பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொல்வதும் கேட்டது.

“வந்திருப்பா,” என்றார் சுருளிராஜன்.

ஈஸ்வரபாண்டி அதைத் தங்கையிடம் சொல்வது கேட்டது. பிறகு போன் கை மாறியது. மறுமுனையில் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும், பக்கத்திலிருப்பது போல, வந்து போனது. பிள்ளைகள் உள்ளே வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஷர்மின் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே மோட்டாரைப் போட்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் அவளும் வைக்கவில்லை.